எப்ஸ்டைன் இதய வால்வு ஒப்பரேஷனும் மயக்க மருந்தும்: மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்திலிருந்து எப்ஸ்டைன் குறைபாட்டுக்கு ஒப்பரேஷன் திகதி கிடைத்த பிள்ளைகளின் பெற்றோரையும், வளர்ந்தபின் இந்நோய் தெரியவந்தவர்களையும் மனதில் வைத்து எழுதியது. மருந்தளவுகள் விளங்கிக்கொள்வதற்காகவே தரப்பட்டுள்ளன. உங்கள் வைத்தியர் சொல்வதுதான் உங்களுக்கு உரியது.

கிளினிக் கொப்பியில் 'எப்ஸ்டைன்' என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

இதயத்தின் வலது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று இதழ்கள் கொண்ட முக்கூர் வால்வு இருக்கிறது. கருவில் வளரும்போது அவற்றில் இரண்டு இதழ்கள் தசையை விட்டுச் சரியாகப் பிரிவதில்லை. அதனால் வால்வு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றாவது இதழ் பெரிதாக, பாய்மரத் துணிபோல் தொங்குகிறது. கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு சேர்ந்து மெலிந்துவிட, மிச்சமுள்ள சிறிய கீழறைதான் நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. வால்வும் ஒழுகும். உடற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 8 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இதழ் இறங்கியிருப்பதை எக்கோவில் (இதய ஸ்கேனில்) கண்டால் இந்நோய் என்று முடிவு செய்வார்கள்.

1866இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற ஜேர்மன் வைத்தியர் இதை முதலில் விவரித்தார். ஏறத்தாழ 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிதானது. தாய் சாப்பிட்டதாலோ, கர்ப்ப காலத்தில் மலையேறிக் கொழுந்து எடுத்ததாலோ வருவதல்ல.

பெரும்பாலானவர்களுக்கு மேலறைகளுக்கிடையே ஒரு துவாரமும் இருக்கும். வலது பக்கத்தில் அழுத்தம் கூடும்போது ஒக்சிசன் ஏறாத இரத்தம் அந்தத் துவாரம் வழியாக இடது பக்கம் போய் உடலெங்கும் பரவும். உதடும் நகமும் நீலிப்பது இதனால்தான். மயக்க மருந்து வைத்தியரின் கவலைகளில் பாதி இந்தத் துவாரத்தைச் சுற்றியே இருக்கும்.

மயக்க மருந்து என்றால் தூங்க வைப்பதுதானே? அதற்கு ஏன் தனியாக ஒரு கிளினிக்?

தூங்க வைப்பது வேலையின் சிறு பகுதி. எஞ்சிய நேரமெல்லாம் வலது இதயத்துக்குச் சுமை ஏறாமல் காப்பதுதான் வேலை. ஒக்சிசன் குறைந்தாலோ, கரியமில வாயு கூடினாலோ, உடல் குளிர்ந்தாலோ, பிள்ளை பயந்து அழுதாலோ நுரையீரல் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே பலவீனமான வலது கீழறை அதற்கு எதிராகத் தள்ள முடியாமல் திணறும், இரத்தம் துவாரம் வழியே திரும்பும், நீலம் கூடும். மறுபுறம், மயக்க மருந்தால் உடலின் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தாலும் அதே திசையில்தான் இரத்தம் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்காக நடக்க வேண்டும்.

அதற்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி உங்கள் வீட்டில் இருக்கிறது. எப்போது நீலிக்கிறது, நெஞ்சு படபடத்து மயங்கியதுண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

வீட்டில் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் ஒக்சிசன் அளவு 82 காட்டுகிறது. கொழும்பில் 86, 87. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது வீதம்தான். மூச்சுக்குழாயில் ஒக்சிசனின் அழுத்தம் கொழும்பில் 150 மில்லிமீற்றர் பாதரசம் அளவில் இருந்தால் நுவரெலியாவில் 118 அளவுக்கு இறங்கிவிடுகிறது. நல்ல இதயம் உள்ளவர் இதை உணரமாட்டார். துவாரம் வழியாக நீல இரத்தம் கலக்கும் பிள்ளைக்கு அளவு சில புள்ளிகள் குறையும். ஹட்டனில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, கண்டியில் இன்னும் குறைவு.

எனவே அளவை எழுதும்போது இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்: "வீட்டில், நானுஓயா, காலை, உட்கார்ந்திருக்கும்போது 82". குளிரில் விறைத்த விரலில் கருவி தவறான எண் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பாருங்கள். மருதாணி, நகப்பூச்சு இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். ஒப்பரேஷனுக்குப் போகும்போது இரண்டுமே வேண்டாம்.

ஹீமோகுளோபின் 12.5. டிஸ்பென்சரியில் 'நல்லாயிருக்கு' என்றார்கள். கொழும்பில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏன்?

எப்போதும் நீலித்திருக்கும் உடல், ஒக்சிசன் பற்றாக்குறையை ஈடுகட்ட கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். ஒக்சிசன் 80 அளவில் இருக்கும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 16, 17 இருப்பதுதான் இயல்பு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு 12.5 என்றால் உண்மையில் அது இரத்தச்சோகை. தோட்டப் பகுதிகளில் இரும்புச் சத்துக் குறைபாடு பரவலாக இருப்பதால் இதைத் தவறவிடக் கூடாது. ஒப்பரேஷனுக்கு வாரக்கணக்கில் முன்பே மருந்து தொடங்கினால்தான் பலன். மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடலில் சேராது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

இதற்கு நேரெதிரான பிரச்சினையும் உண்டு. ஹீமோகுளோபின் 20ஐத் தாண்டியவர்களின் இரத்தம் தடித்திருக்கும், தண்ணீர் வற்றினால் உறையக்கூடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனைக் குழாயில் இருக்கும் மருந்து சாதாரண இரத்தத்துக்கு அளந்து வைத்தது. சிவப்பணு வீதம் 55க்கு மேல் போனால் அந்த மருந்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் 'இரத்தம் உறையவில்லை' என்று பிழையான முடிவு வரும், ஒப்பரேஷன் வீணாகத் தள்ளிப்போகும். வெளியே சோதனை செய்வதானால், பிள்ளைக்கு நீல இதயநோய் என்பதை லேபில் சொல்லிவிடுங்கள்.

எதையெல்லாம் கொண்டு போக வேண்டும்?

கிளினிக் கொப்பி, எக்கோ அறிக்கைகள் எல்லாம் (பழையவையும்), ஈசிஜி தாள்கள், குறிப்பாகப் படபடப்பு வந்த நேரத்தில் எடுத்தது இருந்தால் அது. குடிக்கும் மருந்துகளைப் பெயர் எழுதிக் கொண்டுபோவதைவிட உறையோடு கொண்டுபோவது நல்லது. நாட்டு வைத்தியரிடம் வாங்கிய கசாயம், சூரணம் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். யாரும் ஏசமாட்டார்கள். ஏசினாலும் பரவாயில்லை, காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குடிப்பவர்களிடம் வழக்கமாக ஐந்து நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். படபடப்புக்கான மருந்தை, வைத்தியர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தண்ணீர் மாத்திரையை (சிறுநீர் கூடப் போவதற்கான மருந்து) அன்று காலையில் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடும் பல், சொத்தைப் பல் இரண்டையும் முன்கூட்டியே காட்டுங்கள். ஆடும் பல், சுவாசக் குழாய் போடும்போது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வுத் தையலில் போய்க் குடியிருக்கும். நீலித்திருக்கும் பிள்ளைக்குப் பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் அமொக்ஸிசிலின் ஒரே தடவையாக, கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கில் (2 கிராமுக்கு மேற்படாமல்) கொடுப்பது வழக்கம். பல் வைத்தியரிடம் இதய நோயைச் சொன்னால்தான் அவர் அதைக் கொடுப்பார். பெரியவர்கள் வெற்றிலை பாக்கு, புகைத்தல் இரண்டையும் எவ்வளவு முன்னதாக விடுகிறார்களோ அவ்வளவு நல்லது.

எத்தனை மணித்தியாலம் பட்டினி? பிளேன்டி குடிக்கலாமா?

சோறு, ரொட்டி, பிஸ்கட், கஞ்சி, பால், பால் தேத்தண்ணி: ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தாய்ப்பால்: நான்கு. தண்ணீரும் பால் விடாத பிளேன்டியும்: இரண்டு. கஞ்சி நீராக இருந்தாலும் அது சாப்பாட்டுக் கணக்குத்தான்.

இங்கே பெற்றோர் செய்யும் பிழை, பட்டினியைக் குறைப்பதல்ல, நீட்டுவது. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று முதல் நாள் இரவிலிருந்து ஒரு சொட்டும் கொடுக்காமல் வைப்பார்கள். தடித்த இரத்தம் உள்ள பிள்ளைக்கு இது ஆபத்து. தியேட்டர் தாமதமானால் வார்டில் உள்ள மிஸ்ஸிடம், "தண்ணி கொடுக்கலாமா, இல்லையென்றால் சேலைன் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

பயணத்திலும் இதே கவனம் வேண்டும். கினிகத்தேனை, கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தியெடுத்தே உடம்பு வற்றிப்போகும் பிள்ளைகள் உண்டு. வாந்திக்கான மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வாய் நனைய அடிக்கடி தண்ணீர் கொடுத்து, முடிந்தால் அனுமதிக்கும் நாளுக்கு முதல் நாளே போய்ச் சேர்வது நல்லது.

தடிமன், இருமல் இருக்கிறது. சொன்னால் திகதி தள்ளிப்போகுமே?

தள்ளிப்போகட்டும். தடிமன் பிடித்த சுவாசக்குழாய் சற்றுத் தொட்டாலே இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒக்சிசன் விழுந்தால் வலது இதயம் தாங்காது. காய்ச்சல், பச்சைச் சளி, நெஞ்சில் இழுப்பு இருந்தால் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலவேளை ஆறு வாரம் தள்ளிவைப்பார்கள். லயத்தில் ஒரே அறையில் பலர் படுக்கும் வீட்டில் தொற்றைத் தடுப்பது கடினம்தான். குறைந்தபட்சம் ஒப்பரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரமாவது இருமுகிறவரைப் பிள்ளையின் பக்கத்தில் படுக்க விடாதீர்கள், விறகடுப்புப் புகையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது?

பயந்த பிள்ளைக்கு முதலில் வாயால் மிடசோலம் கொடுப்பதுண்டு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிகிராம். கூடினால் மூச்சு மந்தமாகி கரியமில வாயு ஏறும். அதனால் கொடுத்த பிறகு யாராவது பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள்.

உள்ளே போனதும் ஈசிஜி, ஒக்சிசன், இரத்த அழுத்தக் கருவிகளோடு, மின்னதிர்ச்சி கொடுக்கும் ஒட்டுப்பட்டைகளையும் நெஞ்சில் ஒட்டிவிடுவார்கள். பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்நோயில் இதயத் துடிப்பின் தாளம் எந்நேரமும் தவறலாம், நெஞ்சைத் திறந்து துணி போர்த்திய பின் ஒட்ட இடமிருக்காது.

அடுத்தது சேலைன் குழாய். சாதாரண நோயாளிக்கு அதில் ஒரு சிறு காற்றுக் குமிழி போனால் நுரையீரலில் சிக்கிக் கரைந்துவிடும். இங்கே துவாரம் வழியாக இடது பக்கம் தாவி மூளைக்கோ இதயத்தின் சொந்தக் குழாய்க்கோ போகும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக் குமிழியை விரட்டுவார்கள், காற்றுப் பிடிக்கும் வடிகட்டி போடுவார்கள். ஊசி ஏற்றுமுன் சிரிஞ்சியில் சற்று இழுத்துப் பார்த்து, நிமிர்த்திப் பிடித்து, கடைசித் துளியை உள்ளே விடாமல் நிறுத்துவார்கள். நைட்ரஸ் ஒக்சைட் குமிழியைப் பெரிதாக்கும் என்பதால் அதையும் தவிர்ப்பார்கள்.

தூங்க வைக்கும் கட்டத்தில்தான் அனுபவமில்லாதவர் தவறுகிறார். கையில் ஏற்றிய மருந்து, வீங்கிய வலது மேலறையில் தேங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். மூளைக்குப் போய்ச்சேர வழக்கத்தைவிட நேரமெடுக்கும். 'இன்னும் தூங்கவில்லையே' என்று இன்னொரு அளவைப் போட்டால், இரண்டும் சேர்ந்து ஒரேயடியாக வந்திறங்கி இரத்த அழுத்தத்தைச் சாய்த்துவிடும். எனவே கெட்டமீன் அல்லது இட்டோமிடேட், பென்டனில் போன்றவற்றைச் சிறுசிறு அளவாகக் கொடுத்துக் காத்திருப்பார்கள். அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதற்கான மருந்து ஏற்கெனவே சிரிஞ்சியில் தயாராக இருக்கும்.

பிறகு மூச்சுக்குழாய்க் குழாய், மணிக்கட்டு நாடியில் ஒரு குழாய், கழுத்துப் பெருநாளத்தில் ஒன்று. கழுத்துக் குழாயின் வழிகாட்டிக் கம்பி மேலறைச் சுவரைத் தொட்டாலே படபடப்பு கிளம்பும். அதனால் ஸ்கேன் பார்த்து, கம்பியை ஆழமாகத் தள்ளாமல், ஈசிஜி சத்தத்தைக் கேட்டபடியே போடுவார்கள். செயற்கைச் சுவாசத்தை மெதுவான அழுத்தத்தில், கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் அளவில் வைப்பார்கள். அதிக அழுத்தம் நுரையீரலை ஊதி, வலது இதயத்தின் வழியை நெரிக்கும். வெளிவரும் மூச்சில் காட்டும் கரியமில வாயு அளவு, இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். நீல இரத்தம் நுரையீரலைத் தொடாமலே போவதால் அப்படி. அந்த எண்ணை நம்பி ஏமாறாமல், நாடியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உணவுக்குழாய் வழியாக ஓர் எக்கோ குழாயும் இறக்குவார்கள். வால்வைத் தைக்குமுன்னும் தைத்தபின்னும் அதுதான் சத்திரசிகிச்சை நிபுணரின் கண்.

இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் விடுவதாகச் சொன்னார்கள். பிறகு மறுபடி ஓடுமா?

அநேகமாக எல்லோருக்கும் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் அந்த இயந்திரத்துக்கு மாற்றுமுன் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள். 20 கிலோப் பிள்ளைக்குக் கிலோவுக்கு 400 அலகு வீதம் 8,000 அலகு. உறையும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதைப் பார்த்த பிறகே இயந்திரம் தொடங்கும். இப்போது பல இடங்களில் செய்வது, பிரேசில் சத்திரசிகிச்சை நிபுணர் டா சில்வா உருவாக்கிய கூம்பு முறை. ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிரித்தெடுத்து, கூம்புபோல் சுற்றித் தைத்து, வால்வை அதன் உரிய இடத்தில் பொருத்துவார்கள். இதழ்கள் உதவாதபோது செயற்கை வால்வு.

முடித்து இயந்திரத்தை விட்டு இறங்கும் நேரம்தான் மிகவும் இக்கட்டானது. வலது கீழறை சோர்ந்திருக்கும். இரத்த அழுத்தம் குறைகிறதென்று சேலைனை ஊற்றினால் அது இன்னும் வீங்கி, நடுச்சுவரைத் தள்ளி, இடது கீழறையையும் நசுக்கும். அதனால் திரவத்தைச் சிறிது சிறிதாகவே கொடுத்து, இதயத்துக்கு வலுவூட்டும் மில்ரினோன் (நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 முதல் 0.75 மைக்ரோகிராம்), தேவைப்பட்டால் குறைந்த அளவில் அட்ரினலின் ஓட்டுவார்கள். நுரையீரல் குழாய்களை விரிக்க மூச்சோடு நைட்ரிக் ஒக்சைட், மில்லியனுக்கு 20 பங்கு வரை, கொடுப்பதுண்டு. வலது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் நிரம்பி வீங்காமலிருக்க, தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பியால் துடிப்பைச் சற்று வேகமாக வைப்பதும் உண்டு.

இந்த நேரத்தில் ஈசிஜி திடீரென மாறி வலது கீழறை அசையாமல் போனால், வால்வு வளையத்தில் போட்ட தையல் வலது இதயக்குழாயை மடக்கிவிட்டதா என்று எக்கோவில் பார்ப்பார்கள். மடங்கியிருந்தால் தையலை மாற்ற வேண்டும். மருந்து உதவாது. எல்லாம் சரி என்ற பிறகே ஹெப்பரினை முறிக்கும் புரொட்டமின், 100 அலகுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், பத்து நிமிடமளவில் மெதுவாக. வேகமாகப் போட்டால் அழுத்தம் சரியும்.

பிள்ளைக்கு இடையிடையே படபடப்பு வரும். அது தடையா?

தடையல்ல, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்சாரம் பாய ஒரு திருட்டு வழி இருக்கும். வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் என்று ஈசிஜியில் எழுதுவார்கள். அதை ஒப்பரேஷனுக்கு முன் கதீட்டர் (இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியே சுட்டு அடைக்கலாம், அல்லது ஒப்பரேஷனின்போதே வெட்டலாம். இப்படிப்பட்டவருக்கு மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது வெரப்பமில், டிகொக்சின் போன்ற வழக்கமான மருந்தைக் கொடுத்தால், நல்ல வழி அடைபட்டு எல்லாத் துடிப்பும் திருட்டு வழியாகப் பாய்ந்து உயிராபத்தாகும். அப்போது மின்னதிர்ச்சிதான் பாதுகாப்பு. பழைய ஈசிஜி தாளை ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

நடுவில் முழித்துக்கொள்வாரா?

மிக அரிது. இயந்திரத்தில் இருக்கும்போதும் மயக்க மருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரத்தம் நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமா?

அரச வைத்தியசாலையில் இரத்தத்துக்குப் பணமில்லை, தேசிய குருதி மாற்றுச் சேவைதான் வழங்குகிறது. 'இரத்தம் வாங்கித் தருகிறேன்' என்று வாசலில் யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். உறவினர்கள் இரத்த தானம் செய்ய விரும்பினால் நல்லது. அது பொதுச் சேமிப்பில் சேரும்.

ஐசியூவில் எத்தனை நாள்? ஏன் இத்தனை குழாய்கள்?

நாள்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். குழாய்கள் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். நெஞ்சு வடிகாலில் வரும் இரத்தத்தை மணித்தியாலத்துக்கு அளப்பார்கள். திடீரென வடிவது நின்று, அழுத்தமும் விழுந்தால் உறைகட்டி அடைத்து இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருக்கலாம் என்று உடனே எக்கோ பார்ப்பார்கள். சுவாசக் குழாயைச் சீக்கிரம் எடுக்கவே முயல்வார்கள். சொந்தமாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இரத்தம் இலகுவாக நுரையீரலுக்குப் போகும் என்பதால், இந்த நோயாளிகளுக்கு அது மருந்தைப்போல வேலை செய்யும்.

வலிக்கு மோர்பினும் பெரசிட்டமோலும் (கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை) கொடுப்பார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளையை அடக்காதீர்கள். வலித்தால் ஆழமாக மூச்சிழுக்கமாட்டார், இருமமாட்டார், சளி கட்டும்.

சம்மதப் படிவம் சிங்களத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

விளங்காமல் போடாதீர்கள். தமிழும் அரசகரும மொழிதான். தமிழ்ப் படிவமோ, தமிழ் தெரிந்த வைத்தியர் அல்லது தாதியோ வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. மயக்க மருந்து வைத்தியரிடம் குறிப்பாக மூன்றைக் கேளுங்கள்: பேஸ்மேக்கர் நிரந்தரமாகத் தேவைப்பட வாய்ப்புண்டா (இதயத்தின் மின் கணு அந்த வால்வின் பக்கத்திலேயே இருக்கிறது), துவாரத்தை முழுதாக மூடுவார்களா, சுவாச இயந்திரத்தில் எவ்வளவு நேரம் இருக்க நேரும்.

மலைக்குத் திரும்பினால் குளிரும் உயரமும் பாதிக்குமா?

துவாரம் மூடப்பட்டு, வால்வு நன்றாக இருந்தால் நம் மலையின் உயரம் பொதுவாகத் தடையல்ல. இருந்தும், வெளியேறுமுன் ஒக்சிசன் இல்லாமல் அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள். வீட்டில் அதைவிட ஓரிரு புள்ளி குறைவது உயரத்தால் இருக்கலாம், நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போவது உயரத்தால் அல்ல. நெஞ்செலும்பு பொருந்த ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பெரியவர்கள் மூன்று மாதத்துக்குக் கொழுந்துக் கூடை, விறகு, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், பின்புறத்தையும் முதுகையும் தாங்கித் தூக்குங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், புதிய படபடப்பு, மயக்கம் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். தோட்டத்து லொறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பின்னாளில் அப்பெண்டிக்ஸ், பிரசவம் என்று டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ மயக்க மருந்து தேவைப்பட்டால்?

முதல் வாக்கியமாக 'எப்ஸ்டைனுக்கு ஒப்பரேஷன் செய்திருக்கிறது' என்று சொல்லுங்கள், வெளியேற்ற அட்டையின் பிரதியைக் காட்டுங்கள். துவாரம் மூடப்பட்டதா இல்லையா என்பது அதில் இருக்க வேண்டும். மூடப்படாவிட்டால் சேலைன் குழாயில் குமிழி வராமல் பார்க்க வேண்டும். முதுகில் ஒரே ஊசியாகப் போடும் மயக்க மருந்து அழுத்தத்தைச் சட்டென இறக்கும் என்பதால், மெதுவாக ஏற்றும் முறையை வைத்தியர் தெரிவு செய்யக்கூடும். அவசரமில்லாத சிகிச்சையென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அவசரமென்றால் அங்கேயே செய்வார்கள். உங்கள் இதய கிளினிக்கின் தொலைபேசி எண் அட்டையில் இருந்தால், கத்தி வைக்குமுன் ஒரு அழைப்பு எடுத்துப் பேசிக்கொள்வார்கள்.